மஞ்சள் தடவிய ஒன்பது நோட்டுகள்

கோகிலா, சதீஷ்,

இதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருத்தி ஓசூரில் மாப்பிள்ளை வீட்டில், ஒருத்தன் ஷிப்ட் மாறி மாறி சிப்காட்டில். தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் படியுங்கள். போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை முயற்சி செய்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் "சரிப்பா, சிக்னல் விட்டு விட்டு வருது, அப்புறம் பேசலாம்" என்று முடிந்துபோகிறது. பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுதுவது. கோர்வையாக இருக்காது. பொய் இருக்காது. போன வருஷம் ஒரு பொய் சொன்னேன், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1

நேற்றுக் காலை ஃபேக்டரியில் பாய்லர் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வங்கியிலிருந்து போன். "மிஸ்டர் மாதையன், உங்கள் டாலர் விண்ணப்பம் பாஸாகிவிட்டது. வந்து கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு பெண் சொன்னாள். எந்த விண்ணப்பம் என்று கேட்டேன். தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"பயணச் செலவு. காரணம், மகள் திருமணம்" என்றாள்.

கோகிலா, உன் கல்யாணம் முடிந்து ஒரு வருஷமும் ஒன்பது நாளும் ஆகிறது.

2

நான் ஏன் மலாவிக்கு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே சம்பளம் எப்படி வருகிறது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்கு வருஷத்துக்கு மூன்று மாதம்தான் வேலை. சீசன் முடிந்தால் பர்கூரில் கிரானைட் லோடுக்குப் போனேன், ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றேன். உள்ளே போகிறவன் எல்லாம் என்னைவிடச் சின்னவன், அவனுக்கு நான் சல்யூட் அடிக்க வேண்டும். அப்போது ஏஜெண்ட் சொன்னார், "மலாவின்னு ஒரு நாடு, அங்கயும் மாங்காதான். மெஷின் வாங்கிப் போட்டிருக்காங்க, ஓட்டத்தான் ஆளில்ல. சம்பளம் டாலருங்க." டாலர் என்ற ஒரு சொல்லுக்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. பேப்பரில் டாலர் என்றுதான் போட்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி இருந்தது. பாதியை ரூபாயாக உங்கள் அம்மா கணக்கில் போடுவார்கள். மீதிப் பாதியை இங்கே வங்கி விலைக்கு மாற்றி, உள்ளூர்ப் பணமான குவாச்சாவாகக் கொடுப்பார்கள்.

வங்கி விலை என்றால் என்ன என்று மாங்காய்க்காரன் பாஷையில் சொல்கிறேன். நம் ஊரில் பெங்களூரா மாங்காய்க்குக் கூட்டம் போட்டு ஒரு விலை பேசுவார்கள், பேப்பரில் வரும். டிராக்டர் லோடோடு ஃபேக்டரி கேட்டில் இரண்டு நாள் வெயிலில் நின்ற பிறகு கிடைப்பது வேறு விலை. அதேதான். வங்கிச் சுவரில் டாலருக்கு ஒரு விலை எழுதியிருக்கும். அந்த விலைக்கு என் சம்பளத்தை மாற்றுவார்கள், ஆனால் அந்த விலைக்கு ஒரு டாலர்கூட எனக்குத் தரமாட்டார்கள். வெளியே அதன் விலை இரண்டு மடங்குக்கு மேல். கேட்டில் நின்ற விவசாயிகளைப் பார்த்து, "பாவம், ஏமாந்த ஜனம்" என்று நான் உள்ளிருந்து பேசியிருக்கிறேன். இங்கே நான்தான் டிராக்டரோடு நிற்கிறேன்.

உங்களுக்கு வந்த பாதி மண்டபத்துக்கும் நகைக்கும் போனது. இங்கே சேர்ந்த பாதியை என் டிக்கெட்டுக்கு வைத்திருந்தேன். கம்பெனி சொன்னது, "டிக்கெட்டை நீயே எடுத்துக்கொள், பிறகு குவாச்சாவில் கொடுக்கிறோம்." விமானக் கம்பெனி சொன்னது, "டிக்கெட்டுக்கு டாலர் மட்டும்தான்." இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெட்டி நிறையக் குவாச்சாவோடு நான்.

சதீஷ், அப்போது நீ சொன்னாய்: "ஏம்பா, இந்தக் காலத்துல க்யூ நிக்கிறேன்றீங்க. ஸ்கேன் பண்ணிப் போட வேண்டியதுதானே." நான் சிரித்துவிட்டேன். உனக்கு விளக்க எனக்கும் நேரமில்லை, கேட்க உனக்கும் நேரமில்லை.

3

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே வங்கிக்குப் போனேன். கவுண்டரில் சிசோமோ என்று ஒரு பெண். நேற்று போன் செய்ததும் அவள்தான். இந்த ஊர் ஜனங்களுக்கு மரியாதை அதிகம். என்னை "அபாம்போ" என்பாள், நாம் ஐயா என்பது போல. முதலில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள். நான் நலம் என்று அவர்கள் பாஷையில் சொன்னால்தான் பேச்சே ஆரம்பிக்கும். அதன் பிறகு "பாலிபே" என்பாள். இல்லை என்று அர்த்தம். நான் இந்தப் பாஷையில் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுதான். எரிந்து விழுந்தாலாவது நான் சண்டை போட்டிருப்பேன். இவ்வளவு மரியாதையாக இல்லை என்று சொல்கிறவளிடம் என்ன செய்ய முடியும்?

பயணத்துக்கு டாலர் வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும், காரணத்துக்கு ஆதாரம் கொடுக்க வேண்டும். என் அறையில் தங்கியிருக்கும் பழனி, மதுரைப் பக்கத்துப் பையன், அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தான். உங்கள் அம்மா அவன் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுத்தனுப்பினாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து. முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது எனக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்த ஒரே பத்திரிகையைத்தான் சிசோமோ கேட்டாள். ஜெராக்ஸ் செல்லாதாம். "இந்த மஞ்சள் என்ன?" என்று மூலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கள் வழக்கம். நல்ல காரியத்துக்குத் தடவுவோம்."

"அழகாக இருக்கிறது, அபாம்போ" என்றாள். என் விண்ணப்பத்தோடு வைத்து ஸ்டேப்ளர் அடித்தாள். மணவறையில் உட்காரப்போகிற என் மகளின் பெயர் மேல் பின் இறங்கியது. பெரிய நோட்டில் என் பெயரை ஏற்றினாள். எனக்கு முன்னால் மூன்று பக்கம் பெயர்கள் இருந்தன. மருந்து வாங்க வேண்டியவர்கள், பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டியவர்கள். என் மனது கெட்ட மனது, அத்தனை பேரும் எனக்குப் பின்னால் போகட்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு நாள் போனேன். எப்படி இருக்கிறீர்கள், நலம், பாலிபே.

4

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நம் நாட்டுக்காரரிடம் போனேன். சேட் என்போம். வங்கிக்கு வெளியே டாலர் வாங்குவது இங்கே குற்றம். பிடித்தால் உள்ளே வைப்பார்கள். ஆணி வாங்க வந்தவன் போல அரை மணி நேரம் ஆணி பார்த்தேன். பெட்டியிலிருந்த குவாச்சா எல்லாவற்றையும் ஒரு கோதுமை மாவுப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். சேட் அதை வாங்கிக்கொண்டு ஒன்பது நோட்டு கொடுத்தார். ஒன்பதும் நூறு டாலர். ஒரு மடிப்பு இல்லை, புதுத் துணி மாதிரி இருந்தன. இரண்டு வருஷத்து உழைப்பு என் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"என்னாங்க ஆச்சு? டிக்கெட்டு?"

"போட்டாச்சு" என்றேன்.

போடவில்லை. கையில் டாலர் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை போய்ப் போடப்போகிறேன், போட்ட மாதிரிதான் என்று நினைத்துச் சொன்னேன். அவள் பக்கத்தில் யாரிடமோ, "அவுரு வராரு, டிக்கெட்டு போட்டுட்டாராம்" என்று சொல்வது கேட்டது. அந்தச் சந்தோஷக் குரலை நான் ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கிருஷ்ணகிரி ஃபேக்டரியில் சீசன் தொடங்கும் அன்று எடை மேடையில் முதல் வண்டிக்குச் சீட்டு போடுவார்கள். அந்தச் சீட்டுக்கும், முதல் டிரம்மில் ஒட்டும் லேபிளுக்கும் நாலு மூலை மஞ்சள் தடவுவது என் வேலை. பதினாறு சீசன் தடவியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு, ஒன்பது நோட்டையும் சாமி படத்துக்கு முன் வரிசையாக வைத்தேன். உங்கள் அம்மா பத்திரிகையோடு கொடுத்தனுப்பிய மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். மகள் கல்யாணத்துக்குப் போகிற காசு. ஒன்பது நோட்டுக்கும் நாலு மூலை. முப்பத்தாறு தடவை விரலை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னைத்தான் நினைத்தேன், கோகிலா.

பழனி பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, நோட்டுக்கெல்லாம் பொட்டு வச்சு விடுறீக? அதையும் தாலி கட்டிக் குடுத்துருவீக போல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

5

தலைநகரம் லிலாங்வேக்கு மினிபஸ்ஸில் இரண்டு மணி நேரம். விமானக் கம்பெனி ஆபீஸில் ஏ.சி. போட்டிருந்தார்கள். புதன்கிழமை விமானத்தில் சீட் இருந்தது. என் பெயர், பாஸ்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தாயிற்று. நோட்டுகளை நீட்டினேன். கவுண்டர் பையன் முதல் நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு மூலையைப் பார்த்தான். அடுத்த நோட்டின் மூலையைப் பார்த்தான். சீட்டுக்கட்டைப் பிரிப்பது போல ஒன்பதையும் பரப்பினான்.

"கறை பட்ட நோட்டு வாங்கமாட்டோம், சார்."

"கறை இல்லை, மஞ்சள். சாமிக்கு வைத்தது."

"இங்கே பேனாக் கோடு இருந்தாலே வாங்கமாட்டோம். எங்கேயும் வாங்கமாட்டார்கள்."

அது உண்மை. இந்தப் பக்கத்து நாடுகளில் டாலர் நோட்டில் ஒரு முத்திரை, ஒரு கிழிசல், ஒரு புள்ளி இருந்தாலும் செல்லாக்காசு போலத்தான். இங்கே இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். இரண்டு வருஷம் குவாச்சாவை மட்டுமே தொட்ட எனக்குத் தெரியவில்லை. அழுக்கேறிய பத்து ரூபாய் நோட்டில் பேனாவால் பெயர் எழுதி, அதையும் பஸ் கண்டக்டர் வாங்கிக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவன் நான்.

கழிப்பறைக்குப் போய் ஒரு நோட்டை சோப்புப் போட்டுக் கழுவினேன். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்லியிருப்பாள். மூலை நான்கும் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

வங்கியில் அதே மஞ்சள் பத்திரிகையில் இருந்தபோது ஆதாரம். நோட்டில் இருந்தபோது கறை.

அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை. அதில் ஏறினால் சனிக்கிழமை பெங்களூரு, ஞாயிறு முகூர்த்தத்துக்கு வந்துவிடலாம். புதன்கிழமை சேட்டிடம் ஓடினேன். "மாதையா, நல்ல நோட்டைக் கல்யாணப் பொண்ணாக்கிக் கொண்டுவந்திருக்கியே. இதை யார் கட்டிக்குவான்?" என்றார். வேறு நோட்டு அவரிடம் இல்லை. வியாழக்கிழமை வங்கிக்கு ஓடினேன். எப்படி இருக்கிறீர்கள், அபாம்போ. நலம். பாலிபே.

வங்கிக்கு வெளியே நின்று சதீஷுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லி, நீ அங்கிருந்து ஒரு டிக்கெட் போடுடா, உன் ஃபிரெண்டு யாரிடமாவது கடன் வாங்கிப் போடு என்று கேட்கத்தான் செய்தேன். இது சத்தியம்.

சதீஷ், நீ எடுத்தவுடனே, "அப்பா, சமையல்காரருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு இருக்கேன், கையில இருந்ததெல்லாம் போச்சு" என்று சிரித்தாய். "ஏர்போர்ட்டுக்கு எத்தன மணிக்கு வரணும்? மாமா கார் கேட்டு வச்சிருக்கேன். அம்மாவும் வராங்களாம், புதுப்புடவை கட்டிக்கிட்டு."

நான் என்னவென்று சொல்வேன்? போட்டாச்சு என்று சொன்ன டிக்கெட் போடவே இல்லை என்றா? இரண்டு வருஷச் சம்பாத்தியத்தை மஞ்சள் தடவிக் கெடுத்துவிட்டேன் என்றா? அவ்வளவு பெரிய முட்டாளை உங்களுக்கு அப்பாவாகக் காட்ட மனம் வரவில்லை. "கம்பெனியில் லீவு இல்லைனுட்டாங்கடா. இங்க சீசன்" என்றேன்.

உனக்குப் பின்னால் யாரோ பாத்திரக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு "சரிப்பா" என்றாய். அந்த "சரிப்பா" இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு போனிலும் அதைத்தான் சொல்கிறாய்.

6

முகூர்த்தம் உங்களுக்கு ஒன்பது மணி, எனக்கு விடியற்காலை ஐந்தரை. ஃபேக்டரி ஆபீஸ் சுவரோரம் வைஃபை எடுக்கும் இடத்தில் வெள்ளை வேட்டி சட்டையோடு உட்கார்ந்தேன். வேலைக்கு வந்த ஜனங்கள் எனக்கு ஏதோ துக்கம் என்று நினைத்து, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சதீஷ் போனைப் பிடித்திருந்தான். அவனை யாரோ கூப்பிட, போன் கை மாறி மாறிப் போனது. மண்டபத்து மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன், யாருடைய முட்டியையோ பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொந்த ஊர் கல்லாவி. அதில் ஒரு அம்மா குரல் தெளிவாகக் கேட்டது.

"பொண்ணோட அப்பாரு எங்க காணோம்?"

"வெளிநாட்டுல இருக்காருங்க. டாலர்ல சம்பளம்."

"அப்ப டாலர எண்ணிட்டு இருப்பாரு. நம்மள எங்க எண்ணப் போறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். போனைப் பிடித்திருந்தவரும் சிரித்தார், படம் குலுங்கியது. ஒன்பது நோட்டும் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தன.

தாரை வார்க்கும்போது நான் நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் பெரியப்பா நின்றார். செம்பு தெரிந்தது, கோகிலா, உன் கை தெரியவில்லை. அதற்குள் படம் நின்றுவிட்டது.

மறுவீட்டுக்குப் போய்வந்து நீ பேசினாய். ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாய். "பெரியப்பாவுக்குக் கை நடுங்குச்சுப்பா. பாதித் தண்ணி என் கையில விழவே இல்ல, கீழ ஊத்திக்கிச்சு. எல்லாரும் பாத்தாங்க. உங்களுக்கு சீசன் போனஸ்தானே முக்கியம். நல்லா வாங்குங்க." நான் பதில் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொண்டதாக நீ எடுத்துக்கொண்டாய். போனஸ் வந்தது. குவாச்சாவில் வந்தது.

நோட்டுகளைச் சேட் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். எங்கோ வெளிநாட்டில் மாற்றினாராம். சிவந்துபோன நோட்டை மட்டும் அவரும் தொடவில்லை.

7

இன்று வங்கிக்குப் போனேன். சிசோமோ என் விண்ணப்பத்தை எடுத்து வைத்திருந்தாள். பத்திரிகை அதே பின்னோடு இருந்தது. மஞ்சள் வெளிறி, பின் துருப்பிடித்து, உன் பெயருக்கு மேல் ஒரு பழுப்பு வட்டம்.

"தேதி முடிந்துவிட்டதே, அபாம்போ. கல்யாணம் நடந்ததா?"

"நடந்தது."

"நீங்கள் இல்லாமலா?"

நான் பத்திரிகையில் உன் பெயரைத் தடவினேன். அவள் "பெபானி" என்றாள். மன்னியுங்கள் என்று அர்த்தம். பாலிபேக்குப் பிறகு, ஒன்றேகால் வருஷத்தில் அவள் சொன்ன இரண்டாவது பதில்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். டாலர் இருக்கிறது. ஆனால் காரணம் காலாவதியாகிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் புதுக் காரணம் காட்டினால் அதே வரிசையில் தருவார்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். "வேறு ஏதாவது விசேஷம் இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் போதும். உங்கள் மகள் உங்களை வரச் சொல்லி எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினால்கூட ஏற்றுக்கொள்வேன்" என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை, கோகிலா. நடந்ததைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். லீவு இல்லை என்று சொன்னது பொய். டிக்கெட் போட்டாச்சு என்று உங்கள் அம்மாவிடம் சொன்னது அதற்கு முந்தின பொய். கம்பெனி மேல் பழி போட்டேன், அது லீவு தந்திருந்தது. நாடும் வங்கியும் செய்தது பாதி, நான் செய்தது பாதி. வரச் சொல்லி எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதவில்லையென்றால் அந்த டாலர் மருந்து வாங்க நிற்கிறவனுக்குப் போகட்டும். இந்தத் தடவை அப்படித்தான் நினைக்கிறேன். கொஞ்சம்.

சிசோமோ பின்னைப் பிடுங்கிப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இனி அவளுக்கு அது தேவையில்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து பின்பக்கம் போனேன். பழனி ஷிப்டுக்குப் போயிருந்தான். மழை விட்டிருந்தது. பத்திரிகையைத் துவைக்கிற கல்லின் மேல் நனையாமல் ஒரு தட்டில் வைத்தேன். செம்பு நிறையத் தண்ணீர் பிடித்தேன். ஐயர் சொல்லும் மந்திரம் எனக்குத் தெரியாது. உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொன்னேன், நம் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னேன். உன் கையும் மாப்பிள்ளை கையும் சேர்ந்திருந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து கல்லுக்கு முன்னால் மண்ணில் மெதுவாக ஊற்றினேன். கை நடுங்கவில்லை. மண் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால், தண்ணீர் இறங்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.